பன்னிரண்டு அம்பும் ஒரு வாளித் தண்ணீரும்

என் தம்பி பொண்டாட்டியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும், அப்புறம்தான் பேச்சு வரும். அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெல்லிசு என்பார்கள். ஆளைப் பார்த்தால் நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். என் பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தானாகவே எழுந்து நின்றுவிடுவார். பேர் வந்தது அவள் வேலையிலிருந்து. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் அழகு நிலையத்தில் நகத்துக்குப் பாலிஷ் போட்டவள். பாலிஷ் ஆனாலும் பெயின்ட் ஆனாலும் ரொட்டிக்குத் தடவுகிற வெண்ணெய் ஆனாலும், "மெல்லிசா, மெல்லிசா" என்றுதான் அவள் வாய் முணுமுணுக்கும். யாராவது கெட்டியாக ஒரு பூச்சு அடித்தால் அவளுக்குப் பொறுக்காது, பிரஷைப் பிடுங்கிவிடுவாள்.

நான் பொம்பளை கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் கத்திக் கத்தி என் குரல் அடுத்த தெருவரைக்கும் போகும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் நிறையக் கத்துவேன்.

தம்பி தச்சன். ஆனால் நாற்காலி மேசை செய்கிறவன் இல்லை, அம்பு செய்கிறவன். வில்வித்தை கிளப்பில் மர வில்லோடு பழகுகிறவர்களுக்கு மர அம்புதான் வேண்டும். அதைக் கையால் இழைத்து, நேர் பார்த்து, இறகு ஒட்டிக் கொடுப்பான். கீழ் வீடு அவர்களுக்கு, பின்பக்கம் பட்டறை. மாடி எனக்கு. நான் தனிக்கட்டை, அதனால் என் வீட்டுச் சாவி அவர்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம் மெல்லிசு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எல்லாம் மொட்டையா நிக்குது?" என்றாள். நகப் பூச்சுப் பெட்டியைத் திறந்து ஓர் அம்பின் பின்பக்கத்தில் சிவப்பாக மூன்று வளையம் போட்டாள். அந்த ஓர் அம்புக்காகக் கிளப்பில் இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போட்டார்களாம். அன்றிலிருந்து பதினோரு வருஷம், செதுக்குவது அவன், பூசுவது அவள். இப்போதெல்லாம் கிளப்பில் யாரும் தம்பியைத் தேடி வருவதில்லை. "அந்த வளையம் போடற அம்மா இருக்காங்களா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். தம்பி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளே கையைக் காட்டுவான்.

வினை லேக்கரில் வந்தது. அம்பு பளபளக்க அதைத்தான் பூசிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துளைக்கிற வாடை. போன வருஷம் இருமல் ஆரம்பித்தது. முதலில் தூசி என்றாள், அப்புறம் பனி என்றாள், அப்புறம் என் குரல்தான் காரணம் என்றாள். நான் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"லேக்கர் வேணுமா நுரையீரல் வேணுமா, முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க," என்றார்.

"ரெண்டையும் மெல்லிசா வெச்சுக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள் இவள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே தம்பி லேக்கர் டப்பா எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினான். ஊருக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தால் ஸ்ப்ரே அடிக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. இனி பூச்சு வேலை அங்கே போகட்டும், நீ ரெஸ்ட் எடு என்றான். மெல்லிசு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடிக்கு வந்து என் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, ரெஸ்ட் எடுக்கணுமாம். நான் என்ன ஓட்டை பஸ்ஸா, டிப்போவுல நிறுத்தி வைக்க?"

"அவன் சொல்றது சரிதான்டி. உடம்பைப் பாரு."

"உடம்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்த வளையத்தைப் பார்த்துத்தான் நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தெரிஞ்சுது. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு அண்ணி, சொல்லுங்க?"

 ஆனாலும் அப்போது நான் தம்பி கட்சிதான். ஒப்புக்கொள்கிறேன்.

மறு வாரமே அவள் ஒரு பை நிறைய டப்பா வாங்கி வந்தாள். தண்ணீரில் கரைகிற பெயின்ட், மரத்துக்குள் ஈரம் புகாமல் அடைக்கிற சீலர், அதுவும் தண்ணீரில் கரைகிறது. பிரஷைக் குழாயடியில் கழுவினால் போதும், தின்னர் வேண்டாம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், இருமல் வரவில்லை. தம்பி டப்பாவை விரலால் தள்ளினான்.

"தண்ணிக்கும் மரத்துக்கும் ஆகவே ஆகாது. வளைஞ்சு போகும்."

"அப்போ படகெல்லாம் எதுல செய்யறாங்க?" என்றாள் அவள்.

விஷயம் கிளப் கோச் காதுக்குப் போனது. நல்ல மனிதர், ஆனால் கறார். உடம்பும் கறாராக, அகலமாக இருக்கும். அவரே நேரில் வந்தார். "மழையிலயும் போட்டி நடக்குதும்மா. அதனால ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு வியாழக்கிழமை. வர்ற ஞாயித்துக்கிழமையை விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை, பன்னிரண்டு அம்பு கொண்டாங்க. இறகு நனையாம ஒரு மணி நேரம் வாளித் தண்ணியில நிறுத்துவேன். அப்புறம் கண்ணாடி மேசையில உருட்டிப் பார்ப்பேன். ஆடாம உருண்டா எய்து பார்ப்பேன். எல்லாம் சரியா வந்தா கிளப்புக்கு வருஷத்துக்கு வாங்கற அறுபது செட் அம்பும் உங்க கைப் பூச்சுதான். இல்லேன்னா ஸ்ப்ரே பட்டறைக்குப் போயிடும். வருத்தப்படக் கூடாது."

"சரி," என்றாள் மெல்லிசு. நான் விரல் விட்டு எண்ணினேன், பத்தே நாள்.

பட்டறையில் மரத்தூள் பறக்கும், ஈரப் பெயின்டில் ஒட்டும். அதனால் என் அறை பறிபோனது. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டினாள், துணிக் கிளிப் மாட்டினாள், தூசி எழும்புமென்று ஃபேனை நிறுத்தினாள். பன்னிரண்டு அம்புத் தண்டுக்கும் சீலர் பூசித் தொங்கவிட்டாள். நான் டியூட்டி முடிந்து வந்து குனிந்து தவழ்ந்துதான் என் கட்டிலுக்கே போக வேண்டியிருந்தது.

காலையில் அவள் போட்ட கூச்சலில் எழுந்தேன். தண்டு முழுக்க மரத்தின் நார் எழுந்து நின்றது. மூன்று நாள் சவரம் செய்யாத தாடையைத் தடவுவது போல் சொரசொரப்பு. தண்ணீர் பட்டதும் நார் சிலிர்த்துக்கொண்டுவிட்டது, அதன் மேல் சீலர் அப்படியே காய்ந்து பிடித்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தால் சீலரும் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வந்தது. தம்பி படியேறி வந்தான். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான்.

"நான்தான் சொன்னேன்ல," என்றான். இறங்கிப் போய்விட்டான்.

அந்த "சொன்னேன்ல"வில் நான் கட்சி மாறினேன். "டேய், சொன்னா போதுமாடா? சொல்றதுக்கு ஒரு ஆளு, செய்யறதுக்கு ஒரு ஆளா?" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். மெல்லிசு என் பக்கம் திரும்பி, "அண்ணி, இன்னும் கொஞ்சம் கத்துங்களேன்," என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க ஒரு தடவை கத்தித் தீர்த்துட்டா அப்புறம் நாள் பூரா அடங்கிடுவீங்க. மரமும் அப்படித்தான் போல. முதல்லயே வெறும் தண்ணியால சீண்டி விட்டுடணும். சிலிர்த்து எழுந்ததும் உப்புத்தாளால தேய்ச்சு எடுத்துட்டா, அதுக்கப்புறம் என்ன பூசினாலும் பேசாம இருக்கும்."

எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

புதுத் தண்டு வேண்டும். தம்பியிடம் போய்க் கேட்க அவளுக்கு ரோஷம். ஆனால் மறுநாள் காலையில் மாடிப்படியில் பன்னிரண்டு புதுத் தண்டு, நூல் கட்டி, எடை பார்த்து, வரிசையாகக் கிடந்தன. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் நான்கு நாள் லீவு போட்டேன். ஈரத் துணியால் பன்னிரண்டையும் துடைத்தோம், காய வைத்தோம், நார் எழுந்தது, பொடி உப்புத்தாளால் மழித்தோம். தடவிப் பார்த்தால் கன்னம் மாதிரி இருந்தது. அதன் மேல் சீலர், மெல்லிசா. காய்ந்ததும் ஒரு தேய்ப்பு, மறுபடி சீலர், அதைவிட மெல்லிசா. முனையில் இரும்பு மாட்டுகிற இடத்தையும், நாணில் மாட்டுகிற பிளவுக்கு உள்ளேயும் அவள் விடவில்லை. அங்கேதான் மரம் தண்ணீரைக் குடிக்கும் என்று நகப் பூச்சு பிரஷை விட்டுப் பூசினாள். அடுத்தது கருநீலம். நீலம் காய்ந்ததும் வளையம்.

வளையம் போடத் தண்டு சுழல வேண்டும். என் தையல் மெஷினின் சக்கரத்தோடு ஒரு ரப்பர் குழாயால் தண்டின் நுனியை மாட்டினாள். மறு நுனி இரண்டு ஆணிக்கு நடுவில். நான் பெடல் மிதிக்க வேண்டும், அவள் பிரஷை மூச்சு விடாமல் தொட வைப்பாள். பழக்க தோஷம், மிதிக்கும் முன்னால் "போலாம், ரைட்!" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் முதல் அம்பில் மஞ்சள் வளையம் பாம்பு போல வளைந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விட்டது. லேக்கராக இருந்தால் போயிருக்குமா? அந்தச் சந்தோஷத்தில் வேண்டுமென்றே இன்னும் இரண்டு வளையத்தைக் கெடுத்து, துடைத்து, மறுபடி போட்டோம். இரண்டு கழுதை வயசுப் பெண்கள், தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "விசில் அடிச்சாத்தான் நிறுத்துவேன்," என்பேன் நான். "ஸ்டாப்பிங் வந்தாச்சு, மிதிக்காதீங்க!" என்பாள் அவள். தம்பி கீழேயிருந்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பூச்சு முடிந்தபோது வியாழன் சாயங்காலம். வெள்ளிக்கிழமை தம்பி வந்து இறகு ஒட்டினான். பெயின்டைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒட்டினான், அதுவும் ஒரு வித்தைதான். மெல்லிசு மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியே காஞ்சிருக்கு அண்ணி. உள்ளே முழுசா இறுக மூணு வாரம் ஆகும்னு டப்பாவுல போட்டிருக்கு. ரெண்டு நாள்தான் இருக்கு." முதல் தடவை வீணாய்ப் போன நாட்கள் இப்போது குறுக்கே வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். கோச் ஒரு பெரிய நீல வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். பன்னிரண்டு அம்பையும் இறகு மேலே வருகிற மாதிரி இறக்கினார், கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வருஷம். மெல்லிசு வாளிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தம்பி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

எடுத்தார். துடைத்தார். கண்ணாடி மேசையில் ஒன்றை உருட்டினார். சத்தமில்லாமல் உருண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டாவதும் மேசை விளிம்பு வரை ஓர் ஆட்டம் இல்லாமல் உருண்டு போய் அவர் கையில் விழுந்தது. நீலம் வெளுக்கவில்லை, வளையம் கசியவில்லை. நான் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டேன். அந்தப் பக்கம் குறி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கேயோ எய்துவிட்டுத் திரும்பி முறைத்தார்.

"இன்னும் முடியலம்மா," என்றார் கோச். வில்லை எடுத்தார். தடித்த ஃபோம் பலகையில் வட்டம் வரைந்த இலக்கு. பன்னிரண்டையும் எய்தார், பன்னிரண்டும் போய்ப் பதிந்தன. அழகென்றால் அப்படியொரு அழகு, மஞ்சள் வளையம் எல்லாம் ஒரே கொத்தாக நின்றது. கோச் தலையை ஆட்டிக்கொண்டே போய் ஓர் அம்பைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தார். கீச்சென்று சத்தம் வந்தது, அம்பு வரவில்லை. இலக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். முகம் தக்காளியாகச் சிவந்தது. தம்பி ஓடிப்போய் கோச்சின் இடுப்பைப் பிடித்தான். நான் சும்மா இருப்பேனா? தம்பியின் இடுப்பை நான் பிடித்தேன். "ஏலேலோ!" என்று ஒரு குரல் கொடுத்தேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரே இழுப்பு. இலக்கு ஸ்டாண்டோடு எங்கள் மேல் சாய்ந்தது. கோச் தம்பி மேல், தம்பி என் மேல், நான் புல் மேல். கோச் கையில் அம்பு, அம்பு நுனியில் ரொட்டித்துண்டு கணக்காக ஒரு ஃபோம் கட்டி.

மெல்லிசு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "போச்சு அண்ணி. இன்னும் இறுகல. வேகமா உள்ளே போறப்போ சூட்டுல இளகி ஒட்டிக்குது. எல்லாம் போச்சு."

கோச் படுத்தபடியே அந்த அம்பைக் கண்ணருகே கொண்டுபோனார். ஃபோமைப் பிய்த்து எறிந்தார். விரல் நகத்தால் சுரண்டினார். "தண்டு உடையல," என்றார். "வளையம் அழியல. என் இடுப்புதான் போச்சு." அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவருக்கு அடியில் கிடந்த தம்பியும் சிரித்தான், அவனுக்கு அடியில் கிடந்த நான், மூச்சு முட்டினாலும், சிரித்தேன்.

மெல்லிசு மட்டும் சிரிக்கவில்லை. திடீரென்று கிளப்பின் கை கழுவுகிற இடத்துக்கு ஓடினாள். வரும்போது கையில் காய்ந்துபோன ஒரு சோப்புத் துண்டு. "பார்லருக்கு வர்றவங்களுக்கு விரல்ல மோதிரம் மாட்டிக்கும் சார். சோப்பு போட்டுத்தான் கழட்டுவேன்," என்றாள். கழற்றிய அம்பின் முன்பாதியில் சோப்பை அப்படியே உலர்வாகத் தேய்த்தாள், கையால் நீவிவிட்டாள். "இப்போ எய்யுங்க. மூணு வாரம் இறுகிட்டா இதுகூட வேண்டாம்."

இலக்கை நிமிர்த்தினோம். கோச் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு எய்தார். போய் இரண்டு விரலால் இழுத்தார். அம்பு வந்துவிட்டது. மறுபடி எய்தார், மறுபடி வந்தது. நான் விசிலைத் தேடினேன், விழுந்ததில் எங்கேயோ போயிருந்தது. பரவாயில்லை என்று தொண்டையாலேயே ஊதினேன்.

கோச் அம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. ஒண்ணே ஒண்ணுதான். பழைய மினுக்கு இல்ல. லேக்கர் போட்டா கண்ணாடி மாதிரி நிக்கும், அது இதுல இல்ல. கடைசியா மேல ஒரே ஒரு கோட் லேக்கர் குடுத்துடுங்க. ஒரே கோட்தான். அறுபது செட்டும் உங்களுக்குத்தான்."

மெல்லிசு யோசித்தாள். எனக்கு அவளைத் தெரியும், அவள் யோசித்தாலே பாதி சம்மதம். "ஒரே கோட்டா? ஜன்னலைத் திறந்து வெச்சு, முகத்துல துணி கட்டிக்கிட்டு, மெல்லிசா அடிச்சா..." நான் கத்த வாயைத் திறந்தேன். என் ஆயுசில் முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை.

"முடியாது," என்றான் என் தம்பி.

கோச் திரும்பினார். "என்ன சார், தண்ணிப் பூச்சே ஆகாதுன்னு சொன்னவர் நீங்கதானே?"

"சொன்னேன். தப்பா சொன்னேன். மினுக்கு கம்மிதான், எனக்கும் கண்ணு தெரியுது. இவ்வளவுதான் மினுக்கும் சார். பிடிச்சா எடுத்துக்குங்க. இல்லேன்னா அந்தப் பட்டறையில குடுங்க. எங்க வீட்டுல இனிமே லேக்கர் டப்பா திறக்க மாட்டோம்."

"என்னங்க, அறுபது செட்டுங்க," என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மெல்லிசு.

"அறுநூறா இருக்கட்டும்." அவள் கையைச் சட்டையிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டான். "நீ இருமறப்போ எல்லாம் நான் கீழே உளியை வெச்சுட்டு நிக்கிறேன்டி. அடுத்த இருமல் வருதா இல்லையான்னு கேட்டுட்டுத்தான் மறுபடி கையில எடுப்பேன். ஒரு வருஷமா இதே கதை. இந்தப் பத்து நாள்தான் உளியைக் கீழே வைக்காம வேலை பார்த்தேன்."

 கோச் அந்த அம்பைத் தன் சட்டையிலேயே துடைத்துத் தன் அம்புக் கூட்டில் செருகிக்கொண்டார். "வெயில்ல மினுக்காம இருந்தாத்தான் கண்ணு கூசாது," என்று பொதுவாகச் சொன்னார். "அறுபதையும் இப்படியே குடுங்கம்மா. மூணு வாரம் காய வெச்சுக் குடுங்க, என் இடுப்பு தாங்காது."

மெல்லிசு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவன் தோளில் சோப்புக் கையால் அடித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அந்த ஆத்திரத்தில் தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். "ஏன்டா, இதை ஒரு வருஷம் முன்னாடியே அவகிட்ட வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா வாயைப் பொத்திக்கிட்டு இருமுவாக்கா," என்றான். "அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"